அந்த இரைச்சலில் உங்கள் பிள்ளை எதைக் கேட்கிறான்?



கடலூரிலும் சிதம்பரத்திலும் உபவாச ஜெபத்துக்கு வரும் ஜெபக் குறிப்புகளில் தாய்மார் எழுதுகிற ஒன்று உண்டு: "பையன் காதில் மாட்டிக்கொண்டு ராத்திரியெல்லாம் ஏதோ கத்தல் பாட்டு கேட்கிறான், விடுதலை வேண்டும்." முன்பு கேசட்டில் கேட்டார்கள், பிறகு சி.டி., இப்போது கைபேசி. பாட்டு மட்டும் அதேதான். ஹெவி மெட்டல் என்று பெயர்.

ஜெபிப்போம். அதற்கு முன்னே ஒரு காரியத்தை யோசிக்க வேண்டாமா? காதுக்கு இனிமையான பாட்டுகள் எத்தனையோ இருக்க, ஒரு மனுஷன் தேடிப்போய் கோபமும் சாவும் இருட்டும் நிறைந்த சத்தத்தை ஏன் கேட்கிறான்? "பிசாசு இழுக்கிறான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். முடித்துவிட்டால் அந்தப் பிள்ளையிடம் பேச நமக்கு ஒன்றும் இருக்காது.

இந்தச் சத்தம் பிறந்த இடத்தைப் பாருங்கள். இங்கிலாந்து தேசத்தின் பர்மிங்காம், தொழிற்சாலைப் பட்டணம். டோனி அயோமி என்ற வாலிபனுக்கு 17 வயது. தகடு செய்யும் தொழிற்சாலையில் வேலை. வேலையை விட்டு நிற்கப்போகிற கடைசி நாளிலே இயந்திரத்தில் கை மாட்டி, வலது கையில் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போய்விட்டது. அவர் இடது கைக்காரர். கிட்டார் கம்பியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். இனி வாசிக்க முடியாது என்று சொன்னார்கள். அவர் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்து மாட்டினார். மெல்லிய கம்பிகளைப் போட்டார். பின்னாளில் கம்பிகளைத் தளர்த்தி சுருதியையும் கீழே இறக்கினார். காயப்பட்ட விரல் வலிக்காமல் இருக்கச் செய்ததெல்லாம் சேர்ந்துதான் அந்தக் கனத்த, இருண்ட நாதம். 1970 பிப்ரவரி 13-ல் அவருடைய குழுவின் முதல் இசைத்தட்டு வந்தது. பிளாக் சபாத் என்ற பெயர் பயங்கரமாய்த்தான் இருக்கிறது. ஒரு பேய்ப் படத்தின் பெயரை எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் அந்த வருஷமே பாடியவற்றில் ஏழைப் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுச் சுகமாய் உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதர்மேல் கோபித்த பாட்டும் உண்டு.

சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இது புரியும். ஆலப்பாக்கம் தாண்டி சிப்காட் பக்கம் வந்தால் ஜன்னலை மூடச் சொல்லுவார்கள், அந்த வாடை அப்படி. அதற்குள்ளே ஷிப்டு வேலை பார்க்கிற வாலிபர்கள் நம் மாவட்டத்துப் பிள்ளைகள். 2004 டிசம்பர் 26-ல் கடல் ஏறி வந்து இந்த மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015-ல் வெள்ளம். இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு உள்ளே ஒரு கோபமும் துக்கமும் இருந்தால் அது ஆச்சரியமா?

அண்ணாமலை நகரில் படிக்கிற தம்பி ஒருவனிடம் நேரடியாகவே கேட்டேன், அதில் உனக்கு என்ன கிடைக்கிறது என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "அங்கிள், வீட்லயும் சரி, சர்ச்லயும் சரி, எல்லாரும் சந்தோஷமா இரு, சந்தோஷமா இருன்னுதான் சொல்றாங்க. அந்தப் பாட்டு மட்டும் அப்படிச் சொல்லாது."

இது நமக்குத் தெரியாத சங்கதி அல்ல. நம் ஊரில் சாவு வீட்டில் பறை எதற்கு அடிக்கிறார்கள்? அந்த அடி துக்கத்தைத் தணிப்பதற்காக அல்ல. கல்லாய் நிற்கிறவனை அசைத்து, அழ வைக்கிறது. ஒப்பாரி பாடும் பாட்டி ஆறுதலா சொல்லுகிறாள்? இழப்பை இன்னும் பெரிதாகச் சொல்லுகிறாள். அதைக் கேட்டுத்தான் நெஞ்சு இளகுகிறது. உள்ளே இருப்பதற்குச் சமமான சத்தம் வெளியே கேட்கும்போது, மனுஷன் தனியாய் இல்லை என்று உணருகிறான். பர்மிங்காமில் நடந்ததும் இதுதான் என்பது என் எண்ணம்.

சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2015-ல் வெளியான ஓர் ஆய்வு. இந்த இசையை வழக்கமாய்க் கேட்கிற 39 பேர், 18 முதல் 34 வயது வரை. முதலில் அவர்களுக்குக் கோபமூட்டிய சம்பவங்களைப் பேச வைத்துக் கோபத்தை ஏற்றினார்கள். பிறகு சிலரைப் பத்து நிமிடம் அவரவர் பாட்டைக் கேட்க விட்டார்கள், மற்றவர்களைச் சும்மா உட்கார வைத்தார்கள். பாட்டு கேட்டவர்களின் கோபம் கூடவில்லை, தணிந்தது. மவுனமாய் உட்கார்ந்தவர்கள் எவ்வளவு தணிந்தார்களோ அவ்வளவு தணிந்தார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: அவர்கள் எல்லாரும் அந்த இசையை விரும்புகிறவர்கள். அதே பாட்டை அடுத்த அறையில் இருக்கும் அம்மாவுக்குப் போட்டால் அம்மாவின் கோபம் கூடும், அதற்கு ஆய்வு தேவையில்லை.

சவுல் ராஜாவின் கதையை எடுத்துக்கொள்வோம். இசையைப் பற்றி நாம் பிரசங்கிக்கும்போதெல்லாம் 1 சாமுவேல் 16-ஐ எடுக்கிறோம். தாவீது சுரமண்டலம் வாசித்தான், சவுலுக்கு ஆறுதல் உண்டாயிற்று. உண்மை. ஆனால் இரண்டு அதிகாரம் தள்ளி 18-ஐ வாசியுங்கள். அதே தாவீது, அதே சுரமண்டலம், அதே ராஜா. வாசித்துக்கொண்டிருக்கும்போதே சவுல் ஈட்டியை எறிந்தான்! வாசித்தவன் மாறவில்லை, நாதமும் கெட்டுப்போகவில்லை. கேட்டவனுடைய உள்ளத்தில் இடையிலே பொறாமை வந்துவிட்டது. அப்படியானால் மென்மையான இசை மனுஷனை நல்லவனாக்கும், கடுமையான இசை கெட்டவனாக்கும் என்று எப்படி ஒரே கோடு போடுவது? சாந்தமான பாட்டு கேட்டுக்கொண்டே மருமகளைக் குத்திப் பேசுகிறவர்கள் நம் நடுவிலும் உண்டே.

இதனால் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. 1992 ஜூன் 6-ல் நார்வே தேசத்தில் பெர்கன் நகருக்கு அருகே ஃபான்டாஃப்ட் என்ற பழைய மர ஆலயம் எரிந்துபோனது. அந்த வருஷங்களில் பிளாக் மெட்டல் கூட்டத்தைச் சேர்ந்த சில வாலிபர் அங்கே ஆலயங்களைக் கொளுத்தினார்கள், கொலையும் செய்தார்கள். பாடுகிற வார்த்தை வெறும் வார்த்தையாகவே நின்றுவிடாது என்பதற்கு அது சாட்சி. கொலையைக் கொண்டாடுகிற, பெண்களை இழிவாய்ப் பேசுகிற வரிகள் உள்ள பாட்டு எந்தத் தாளத்தில் வந்தாலும் தள்ளவேண்டியதே. சினிமாப் பாட்டுக்கும் இதுதான் அளவுகோல். அதைக் கல்யாண வீட்டில் போடும்போது யாரும் ஜெபக் குறிப்பு எழுதுவதில்லை.

ஆனால் நாம் பயந்த பல காரியங்கள் பயப்படத் தக்கவை அல்ல. பாட்டைத் திருப்பிப் போட்டால் சாத்தானின் செய்தி கேட்கும் என்று ஒரு காலத்தில் எத்தனை பிரசங்கம்! அதைப்போலவே, காதுக்குத் தெரியாமல் ஒளித்துவைத்த ஒரு கட்டளைதான் இரண்டு வாலிபரைத் தற்கொலைக்குத் தூண்டியது என்று அமெரிக்காவில் ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின்மேல் வழக்கு வந்தது. 1990-ல் நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் விசாரித்த நீதிபதி, அந்த ஒலி தற்செயலாய் அமைந்தது என்று சொல்லி வழக்கைத் தள்ளினார். ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டிக் காட்டும் அந்தக் கொம்பு அடையாளம்? அதைப் பிரபலமாக்கிய ரோனி ஜேம்ஸ் டியோ, இத்தாலிய வம்சத்தைச் சேர்ந்த தன் பாட்டி கண்ணேறு கழிக்கக் காட்டிய சைகை அது என்று சொன்னார். திருஷ்டிப் பூசணிக்காய்க்கு அடுத்த வீட்டுச் சரக்கு, அவ்வளவுதான்.

நம் தேசத்திலேயே ராக், மெட்டல் இசைக்குப் பேர்போன ஊர்களில் ஒன்று ஷில்லாங். மேகாலயாவில் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு சுமார் 75 பேர் கிறிஸ்தவர்கள். சென்னையிலே பிளட் கவனன்ட் என்று ஒரு குழு, அந்த முரட்டுச் சத்தத்திலேயே கிறிஸ்துவைப் பாடினார்கள். அமெரிக்காவில் 1980களில் ஸ்ட்ரைப்பர் என்ற குழு மேடையிலிருந்து புதிய ஏற்பாடுகளைக் கூட்டத்துக்குள் வீசியது. இதெல்லாம் எனக்குப் பிடிக்குமா என்று கேட்டால், பிடிக்காது. எனக்குத் தலைவலி வரும். ஆனால் என் தலைவலி வேத வாக்கியம் அல்லவே!

நம் பிதாக்கள் டோலக்கும் தம்புருவும் கைத்தட்டுமாய் ஆராதிக்கத் தொடங்கியபோது பெரிய சபைகள் நம்மை என்ன சொன்னார்கள்? கூச்சல்காரர் என்றார்கள். ஆர்கன் இருக்கிற இடத்தில் டிரம்ஸா என்று முகம் சுளித்தார்கள். அந்தக் கூச்சலில் அழத்தெரியாத ஆண்பிள்ளைகள் முழங்காலில் நின்று அழுததை நாம் அறிவோம். (சத்தத்தைப் பற்றிப் பேசுவதால் ஒன்று: 85 டெசிபெலுக்கு மேல் தினமும் எட்டு மணி நேரம் கேட்டால் காது கெடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். பையனின் இயர்போனுக்கு இதைச் சொல்லும்போது எழுப்புதல் கூட்டத்துப் பெட்டிகளுக்கும் சொல்லிவிடலாம்.)

அந்தத் தம்பி சொன்னதுதான் எனக்குள் திரும்பத் திரும்ப வருகிறது. நம் ஆராதனையில் துதிப் பாட்டு உண்டு, வெற்றிப் பாட்டு உண்டு. தோற்றவன் பாட என்ன இருக்கிறது? வேதத்தில் இருக்கிறது. சங்கீதம் 88-ஐ எடுத்துப் பாருங்கள். புலம்பல் தொடங்கி, கடைசி வரியும் இருளிலேயே முடிகிறது. மற்ற புலம்பல் சங்கீதங்களைப்போல் முடிவில் ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லை. தேவன் அதை வெட்டி எறியாமல் புஸ்தகத்தில் வைத்திருக்கிறார். அதைப் பிரசங்க பீடத்திலிருந்து எத்தனை தரம் கேட்டிருக்கிறீர்கள்?

வருகிற வாலிபர் கூட்டத்தில் அதை முழுவதும் வாசிக்கலாம் என்றிருக்கிறோம். விளக்கம் கிடையாது, "ஆனாலும்" கிடையாது. வாசித்தபின் ஐந்து நிமிடம் எல்லாரும் அமைதியாய் உட்கார்ந்திருப்போம். கீபோர்டு தம்பிக்கு இப்போதே சொல்லியாயிற்று, அந்த ஐந்து நிமிடமும் பின்னாலே மெதுவாய் எதையும் வாசிக்கக்கூடாதென்று.