ஒத்திகையில் வாய்மை

ஊடக நிறுவனங்களில் வேலைக்குச் செல்லவிருக்கும் இறுதியாண்டு மாணவர்களுக்கு, உண்மையான தேர்வுக்கு முன்னதாக அதே பாங்கில் கேள்வி கேட்டுப் பழக்குகிற மாதிரி நேர்காணல், பார்வைக்கு வெறும் தொழிற்பயிற்சியாகத் தோன்றினாலும், அறவியல் பல நூற்றாண்டுகளாக விவாதித்துவந்த ஒரு வினாவைத் தன்னுள் கொண்டிருக்கிறது. முன்கூட்டியே ஆயத்தம் செய்யப்பட்ட சொல் மெய்யான சொல்லாக இருக்க முடியுமா என்பதே அந்த வினா. வங்கியிலோ ஆலையிலோ வேலை கேட்டுச் செல்பவருக்கும் இது பொருந்தும் என்றாலும், ஊடகத்தில் இதன் கனம் கூடுகிறது. செய்தியாளர் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுத, அதைச் சரிபார்க்க வழியில்லாத பெருந்திரளான மக்கள் அவரை நம்பிப் படிக்கிறார்கள். ஆகவே அந்த நம்பிக்கைக்கு அவர் உரியவரா என்பதே அவரிடம் முதலில் சோதிக்கப்பட வேண்டியது.

தமிழ்நாட்டில் இதழியலும் காட்சித் தொடர்பியலும் பயிற்றுவிக்கும் கல்லூரிகளில் இத்தகைய ஒத்திகைக்கு வரும் மாணவர், தன்விவரக் குறிப்பையும், தாம் எழுதிய செய்திக் கட்டுரைகளையும், எடுத்த படங்களின் சிறந்த பகுதிகளைச் சில நிமிடங்களுக்குள் கோத்துக் காட்டும் ஷோரீலையும் கொண்டுவருகிறார். தம்மைப் பற்றிச் சொல்லும்படியும், பலவீனம் எதுவென்றும், இந்தத் துறைக்கு ஏன் வந்தார் என்றும் அவரிடம் கேட்கப்படுகிறது. இவற்றுக்கு ஆயத்த விடைகள் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன. பலவீனம் என்று கேட்டால் எதையும் குறையின்றிச் செய்து முடிக்கும்வரை ஓய முடியாத இயல்பே தம் பலவீனம் என்று சொல்லும்படி சிலர் கற்றுக்கொடுக்கிறார்கள். குறையைக் கேட்டவரிடம் நிறையை நீட்டும் தந்திரம் அது. இதைவிட நுட்பமான சிக்கல் குறும்படத்தில் எழுகிறது. ஐந்தாறு பேர் சேர்ந்து எடுத்த படத்தை ஒவ்வொருவரும் தம்முடையது என்று ஷோரீலில் வைக்கிறார்கள். ஒளிப்பதிவு செய்தவர் யார், படத்தொகுப்பில் அமர்ந்தவர் யார், கதையை எழுதியவர் யார் என்ற கணக்கு அந்த ஒற்றைச் சொல்லில் மறைந்துவிடுகிறது. சொன்னதில் பொய் இல்லை எனினும், கேட்பவர் மனத்தில் பொய்யான ஓர் எண்ணம் பதிந்துவிடுகிறது.

ஆயத்தத்தின் மீதே ஐயம் கொள்ளும் மரபு ஒன்று உண்டு. கி.மு. 399இல் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் எழுபது வயதில் நின்ற சாக்ரடீஸ், அலங்கரித்து அடுக்கிய உரையைத் தாம் கொண்டுவரவில்லை என்றும், வாயில் வரும் சொற்களிலேயே உண்மையைப் பேசப்போவதாகவும் தொடங்கினார் என்று பிளேட்டோ எழுதியிருக்கிறார். இதன்படி பார்த்தால் ஒத்திகையே வாய்மைக்குப் பகை. வள்ளுவரோ இந்த எளிய பிரிவினைக்கு இடம் தரவில்லை. துறவறவியலில் வாய்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த அவரே, அமைச்சியலின் இறுதியில் அவையஞ்சாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்து, அவையில் அச்சமின்றி மறுமொழி தருவதற்காகவே முறைப்படி கற்க வேண்டும் என்கிறார். அவ்விடத்தில் உரையாசிரியர் பரிமேலழகர் குறிப்பிடும் அளவை நூல் என்பது, எந்தக் கூற்றை எந்தச் சான்றால் நிறுவலாம் என்று ஆராயும் தருக்க நூலாகும். வள்ளுவர் வேண்டுவது விடையை மனப்பாடம் செய்வது அன்று, சான்றும் கூற்றும் பொருந்தும் விதத்தைப் பயில்வதே என்று இதனைக் கொள்ளலாம்.

இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாக எடுத்துக்காட்டும் உரையாடல் பாலி மொழியிலுள்ள மஜ்ஜிம நிகாயத்தில், அதாவது புத்தரின் நடுத்தர அளவிலான உரைகளைத் தொகுத்த நூலில், 58ஆம் உரையாக இடம்பெற்றிருக்கிறது. ராஜகிருகத்து மூங்கில் வனத்தில் தங்கியிருந்த புத்தரிடம் அபயன் என்னும் இளவரசன், எப்படி விடை சொன்னாலும் சொல்பவர் சிக்கிக்கொள்ளும்படி முன்னரே வடித்த இருமுனைக் கேள்வியோடு அனுப்பப்படுகிறான். பிறருக்குக் கசக்கும் சொல்லைப் புத்தர் சொல்வாரா என்பது அந்தக் கேள்வி. சொல்வார் என்றால் அவருக்கும் பாமரருக்கும் வேறுபாடு இல்லை. சொல்லமாட்டார் என்றால் அவரை எதிர்த்த சீடன் தேவதத்தனைப் பற்றி அவர் சொன்ன கடுஞ்சொல்லுக்கு விளக்கம் இல்லை. புத்தர் அதற்கு ஒரே வாக்கில் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல மறுத்து, உண்மையும் பயனும் உள்ள சொல்லை, அது கேட்பவருக்கு இனித்தாலும் கசந்தாலும், உரிய காலம் அறிந்தே தாம் சொல்வதாக விளக்குகிறார். தோற்ற இளவரசன் பிறகு உண்மையான ஆவலோடு வேறொன்றைக் கேட்கிறான். கற்றவர்கள் கேள்வியோடு வரும்போது, இப்படிக் கேட்டால் இப்படிச் சொல்வேன் என்று புத்தர் முன்பே எண்ணி வைத்திருப்பாரா, அந்தக் கணத்திலேயே விடை தோன்றுமா என்பது அவன் ஐயம். தேரின் உறுப்புகளை நீ நன்கு அறிவாய் அல்லவா, ஒருவர் வந்து ஓர் உறுப்பைக் காட்டி இது என்ன என்று கேட்டால் அதற்கு முன்கூட்டியே விடை எண்ணி வைப்பாயா என்று புத்தர் திருப்பிக் கேட்க, தேரைத் தான் நன்கறிந்தவன் என்பதால் விடை அந்தக் கணத்திலேயே தோன்றும் என்று இளவரசன் ஒப்புக்கொள்கிறான்.

ஆயத்தம் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்தையே இந்த உரையாடல் இடம் மாற்றிவைக்கிறது. தேரை அறிந்தவன் ஆயத்தம் இல்லாதவன் அல்லன். அவனுடைய ஆயத்தம் விடைகளில் இல்லாமல் தேரில் இருக்கிறது. ஊடக வேலைக்குச் செல்லும் மாணவருக்கு அந்தத் தேர் அவருடைய சொந்தப் பணிதான். தாம் எழுதிய செய்திக்காக எத்தனை பேரிடம் பேசினார், அவர்களில் பெயர் வெளியிட மறுத்தவர் யார், ஏன் மறுத்தார், எந்த ஆவணத்தைத் தம் கண்ணால் பார்த்தார், எதைப் பிறர் சொல்லக் கேட்டு எழுதினார், மறுதரப்பிடம் விளக்கம் கேட்டாரா, அச்சான பின் எந்தப் பிழை தெரியவந்தது, குறும்படத்தில் தம் கை பட்ட காட்சிகள் எவை என்பவற்றை ஒருவர் ஒத்திகைக்கு முந்தைய வாரத்தில் பழைய குறிப்பேடுகளைப் புரட்டி மீட்டெடுத்தால், எந்தத் திசையிலிருந்து கேள்வி வந்தாலும் விடை பொய்யாகாது. சாக்ரடீஸின் ஆயத்தமின்மைகூட இவ்வகையைச் சேர்ந்ததே. வாழ்நாள் முழுதும் தன்னை ஆராய்ந்தவருக்குத் தனியாக ஓர் உரை தேவைப்படவில்லை.

ஒத்திகைக்கே உரிய இன்னொரு நெருடலும் உண்டு. மாதிரி நேர்காணலில் கேட்பவர் ஆசிரியர். இது உண்மையான தேர்வு இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அங்கே மாணவர் ஒரு சாதனையைக் கற்பனை செய்து சொன்னால் அது பொய்யாகுமா? ஏறத்தாழ கி.பி. 395இல் பொய்யைப் பற்றித் தனி நூல் எழுதிய கிறித்தவ இறையியலாளர் அகஸ்தீன், ஏமாற்றும் எண்ணத்தோடு உள்ளத்தில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக இருப்பதே பொய் என்று கருதி, வேடிக்கைப் பேச்சைப் பொய்யின் கணக்கிலிருந்து விலக்கினார். அந்த அளவுகோலின்படி ஒத்திகையில் சொன்ன கற்பனை குற்றமாகாது. ஆனால் அரிஸ்டாட்டில் நிக்கோமாக்கிய அறவியலில் வற்புறுத்திய வேறொரு கருத்து இங்கே குறுக்கிடுகிறது. நேர்மையான செயல்களைச் செய்துசெய்தே ஒருவர் நேர்மையாளர் ஆகிறார் என்றும், குணம் என்பது பழக்கத்தின் விளைவு என்றும் அவர் கூறினார். அப்படியானால் பழக்கத்தையே நோக்கமாகக் கொண்ட ஒத்திகையில் சொல்லும் பொய், எவரையும் ஏமாற்றாவிட்டாலும், சொல்பவரின் நாவைப் பொய்க்குப் பழக்குகிறது. அகஸ்தீனின் வரையறை சொல்லைத் தீர்ப்பிடுவதற்குப் போதுமானது. ஒத்திகையைத் தீர்ப்பிட அரிஸ்டாட்டிலே தேவைப்படுகிறார், ஏனெனில் ஒத்திகையின் பயனே அது விட்டுச்செல்லும் பழக்கத்தில்தான் இருக்கிறது.

வேலை கேட்கும்போது சொல்லும் பொய்க்கும் செய்தியில் எழுதும் பொய்க்கும் உள்ள உறவை அமெரிக்க இதழியல் வரலாற்றில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. 1980 செப்டம்பர் 28 அன்று வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் முதல் பக்கத்தில், ஹெராயினுக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவனைப் பற்றி ஜேனட் குக் எழுதிய கட்டுரை வெளியாகி நகரையே உலுக்கியது. காவல்துறை அந்தச் சிறுவனைத் தேடியும் அவன் கிடைக்கவில்லை. 1981 ஏப்ரலில் அந்தக் கட்டுரைக்குப் புலிட்சர் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்பும் வெளியானது. முன்பு அவர் பணியாற்றிய டொலீடோ நகர நாளிதழினர் அதைக் கண்டு, தாங்கள் அறிந்த விவரங்களோடு அது முரண்படுவதைக் கவனித்தார்கள். புகழ்பெற்ற வாசர் கல்லூரியில் சிறப்புத் தகுதியுடன் பட்டம் பெற்றதாக அவர் எழுதியிருந்தார். உண்மையில் அங்கே ஓராண்டே படித்து, டொலீடோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றிருந்தார். தன்விவரக் குறிப்பிலிருந்த பொய்யை விசாரிக்கத் தொடங்கியவர்கள் சிறுவனும் கற்பனையே என்ற ஒப்புதலில் போய் நின்றார்கள். பரிசு திருப்பித் தரப்பட்டது, அவர் பணியிலிருந்து விலகினார். வேலைக்காகத் தம்மைப் பற்றிப் புனைந்த கைக்கும் வாசகருக்காக ஒரு சிறுவனைப் புனைந்த கைக்கும் நடுவே வேலி எதுவும் இருக்கவில்லை என்பதே இதில் கருதத்தக்கது. பழியை அவர்மீது மட்டும் சுமத்துவது நியாயம் ஆகாது. ஒரு செய்தியைச் சரிபார்ப்பதே தொழிலாகக் கொண்டவர்கள், தங்களிடம் வந்த விண்ணப்பத்தின் மினுக்கத்தைச் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டார்கள்.

தன்னைப் பற்றிய வாய்மைக்கு அரிஸ்டாட்டில் இரு பக்கமும் எல்லை வகுக்கிறார். இல்லாததை உண்டென்று பெருக்கிச் சொல்வது ஒரு குற்றம். உள்ளதை இல்லையென்று குறைத்துச் சொல்வதும் குற்றமே. பெருக்கிச் சொல்பவர்களிலும் புகழுக்காகச் செய்பவரைவிடப் பொருளுக்காகச் செய்பவர் இழிந்தவர் என்கிறார். தமிழ்ச் சூழலில் இவ்விரண்டில் கவனம் பெறாமல் போவது இரண்டாவது குற்றம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவரும், தமிழ்வழியில் படித்தவரும், தம்மைப் பற்றித் தாமே பேசுவது தற்பெருமை என்று கேட்டு வளர்ந்தவரும், நல்ல செய்தியைச் சேகரித்து எழுதியிருந்தும், அதை எப்படிச் செய்தார் என்று கேட்டால் தலைகுனிந்து சும்மா செய்ததாகச் சொல்லிவிடுவார்கள். பத்திரிகையாளர்களும் திரைத்துறையினரும் வந்துபோகும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கோ ஒத்திகை சிறுவயது முதலே நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே மாதிரி நேர்காணலை ஒப்பனை என்று ஒதுக்குவது, ஏற்கெனவே பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும் வாசலைத் திறந்துவைப்பதாகும். குரல் நடுங்காமல் தம் பணியை உள்ளபடி எடுத்துரைக்க ஒருவரைப் பழக்குவது வாய்மைக்குச் செய்யும் தொண்டு. அச்சத்தால் மறைக்கப்படும் உண்மையும் மறைக்கப்பட்ட உண்மைதான்.

கேட்பவரின் கடமையும் இதில் அடங்கும். தெரிந்து தெளிதல் அதிகாரத்தில், ஒருவரைப் பொறுப்பில் அமர்த்தும் முன் அவருடைய குணத்தையும் குற்றத்தையும் எடைபோட வேண்டும் என்று சொல்லும் வள்ளுவர், பெருமையையும் சிறுமையையும் காட்டும் உரைகல்லாக அவரவர் செயலையே கொள்கிறார். செயலைக் கேட்காமல் பலவீனம் என்னவென்று கேட்கும் ஆசிரியர் தந்திரத்துக்குத்தான் வழிவகுக்கிறார். ஆகவே மாதிரி நேர்காணல் நடத்தும் ஆசிரியர்கள், அனுபவமுள்ள பத்திரிகை உதவி ஆசிரியர்களையும் படத்தொகுப்பாளர்களையும் உடன் அமர்த்தி, மாணவரின் ஒரு கட்டுரையையோ ஒரு காட்சியையோ எடுத்துக்கொண்டு அது உருவான வழியைப் படிப்படியாகக் கேட்க வேண்டும். கூட்டுப் பணியில் நண்பர்களின் பங்கைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்பவருக்கும், தெரியாததைத் தெரியாது என்று சொல்பவருக்கும் மதிப்பெண் தர வேண்டும். ஆயத்த விடைகளை எழுதிக் கொடுப்பதை இன்றோடு நிறுத்த வேண்டும்.