பொறியும் பருவமும்

இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியிருக்கும் பத்தாங் பெர்ஜுந்தையில், ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் விழாவுக்குச் சென்றுவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் கோலா சிலாங்கூரை நோக்கி என் பழைய மோரிஸ் மைனர் காரில் திரும்பிக்கொண்டிருந்தபோது, முகப்பு விளக்குகளின் ஒளி மெல்ல மெல்ல மங்கிச் செம்மை பாய்ந்து, சாலையின் இருமருங்கும் நின்ற செம்பனை மரங்கள் ஒவ்வொன்றாக இருளுக்குள் பின்வாங்க, கம்போங் குவாந்தானுக்குச் சற்று இப்பால் எஞ்சின் இரண்டு முறை விக்கி நின்றுவிட்டது. அன்று காலையிலிருந்தே வண்டி மேட்டில் ஏறத் தயங்கியதும், வேண்டாத அளவு சூடேறியதும் எனக்குத் தெரியும். கோயிலில் கண்ட நண்பர் ஒருவர், அந்தக் குறிகளைக் கேட்ட மாத்திரத்தில், "டைமிங் சரியில்லை" என்று தீர்ப்பளித்திருந்தார். அதே மாலையில், அபிஷேகம் முடிந்து தீபாராதனைக்குக் காத்திருந்த வேளையில், வேலையிலும் நில்லாமல் வீட்டிலும் தங்காமல் அலையும் மகனுக்காக வேண்டிக்கொள்ள வந்த தாய் ஒருத்தி பூசாரியிடம் சொன்ன சொல்லும் ஏறத்தாழ அதுவே: "அவனுக்கு நேரம் சரியில்லைங்க சாமி."

இயந்திரத்துக்கும் மனிதனுக்கும் ஒரே நாளில் ஒரே நோய் சொல்லப்பட்டதைக் கேட்ட எனக்கு, நெடுங்காலமாக உள்ளத்தில் கிடந்த ஒரு விசாரம் மீண்டும் எழுந்தது. ஆன்மா பக்குவப்படும்வரை இறைவனுடைய அருள் காத்திருக்கிறதா, அல்லது அருள் வந்து தொட்டபிறகுதான் பக்குவம் என்பதே உண்டாகிறதா? காத்திருக்கிறதென்றால், கைவிடப்பட்டவனுக்குக் காலத்தை நோவதன்றி வேறு வழியில்லை. தொட்ட பிறகே பக்குவமென்றால், ஒருவனைத் தொட்டு ஒருவனைத் தொடாதிருப்பது கருணைக்கு அடுக்குமா?

மறுநாள் புக்கிட் ரோத்தான் பக்கத்துப் பட்டறை ஒன்றிலிருந்து ஒரு முதியவர் வந்து வண்டியை இழுத்துச் சென்றார். இளமையில் ரப்பர் தோட்டத்து லாரி ஓட்டி, பிறகு பால் காய்ச்சும் ஆலையின் எஞ்சின் அறையில் பல்லாண்டு நின்றவர். நண்பரின் தீர்ப்பை நான் அவரிடம் ஒப்பித்தபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "டைமிங்கப் பத்தி கடைசியா பேசுவோம் வாத்தியாரே. மொதல்ல சார்ஜ் ஏறுதான்னு பாருங்க. வயித்துல ஒண்ணுமில்லாதவன்கிட்ட நேரம் காலம் பேசி என்ன ஆவப்போவுது?" என்றார்.

அவர் பேட்டரியை அளந்தார். நிறைந்த நிலையில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டவேண்டிய முள் அதற்கு மிகத் தாழ்ந்து நின்றது. கோளாறு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவில் இருந்தது. இங்கே அதன் இயல்பைச் சற்று விரித்துரைப்பது அவசியம். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியாகி, மலாயாவில் ஆசிரியர்களும் கிராணிமார்களும் மருத்துவமனை உதவியாளர்களும் விரும்பி வாங்கிய இந்தக் காரின் டைனமோவுக்குள் நிலைத்த காந்தம் எதுவும் இல்லை. கம்பிச் சுருள் சுற்றிய மெல்லிரும்புத் துண்டுகளே உள்ளன. சுருளில் மின்சாரம் பாய்ந்தால்தான் அவை காந்தமாகும். அவை காந்தமானால்தான் மின்சாரம் பிறக்கும். எது முந்தியது என்று கேட்டால், தர்க்கத்துக்குள் விடை இல்லை. ஆயினும் டைனமோ நாள்தோறும் இயங்கத்தான் செய்கிறது. ஏனென்றால், முன்பு ஓடிய ஓட்டத்தின் மிச்சமாக, அந்த இரும்பில் மிகச் சிறிய காந்தத்தன்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் சுழலத் தொடங்கியதும் அந்த மிச்சம் ஒன்றிரண்டு வோல்ட்டைப் பிறப்பிக்கிறது. அது சுருளுக்குள் சென்று காந்தத்தை வளர்க்கிறது. வளர்ந்த காந்தம் மேலும் மின்சாரத்தை வளர்க்கிறது.

இதைக் கேட்டபோது என் சித்தம் திருவெண்ணெய்நல்லூருக்குச் சென்றுவிட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவ்வூர் மெய்கண்டார் அருளிய சிவஞான போதத்தின் 12 சூத்திரங்களுள் ஐந்தாவது, காந்தத்தையும் இரும்பையும் உவமையாக எடுத்துக்கொள்கிறது. ஐம்பொறிகள் உயிரால் அறிந்தும் உயிரை அறியாதவாறு போல, உயிர்கள் இறைவனது சந்நிதியில் அறிவு பெற்றும் அவனை அறியாதிருக்கின்றன என்பது அதன் கருத்து. இரும்பு அசைகிறது, அசைத்தது எது என்பது இரும்புக்குத் தெரியாது. முற்பிறப்பில் செய்த சரியை, கிரியைகளின் பயன் ஒரு வாசனையாக உயிரில் தங்கியிருந்து, இப்பிறப்பில் காரணம் தெரியாத ஈடுபாடாக முளைக்கிறது என்று சித்தாந்திகள் சொல்வதை, ஒரு மேசை மீது கழற்றி வைத்த இரும்பில் நான் அன்று பிரத்தியட்சமாகக் கண்டேன்.

நோயுற்றிருந்த காலத்தில் ஏழு மாதம் அந்தக் காரைக் கொட்டகையில் அசையாமல் நிறுத்திவைத்திருந்தேன். அந்த ஓய்வில் இரும்பின் மிச்சம் மறைந்துவிட்டிருந்தது. பிறகு எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் டைனமோ ஒன்றையும் ஈனவில்லை. முதியவர் தேய்ந்த கரித்துண்டுகளை மாற்றி, செப்பு வளையத்தைத் துடைத்து, உடலோடு பேட்டரியைச் சேர்க்கும் பட்டையில் கடற்காற்றால் படிந்திருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டினார். பின்னர் நிறைந்த பேட்டரி ஒன்றின் உயிர்முனையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து, டைனமோவின் சுருள் முனையை இரண்டு மூன்று முறை தொட்டுத் தொட்டு எடுத்தார். கண்ணிமைக்கும் நேரம், சிறு நீலச் சுடர், அவ்வளவே. இரும்புக்குத் தன் பழைய நினைவு திரும்பிவிட்டது. தன்னிடம் ஒரு துளியும் இல்லாதபோது ஒன்று தன்னைத்தானே எழுப்பிக்கொள்ள முடியாது என்பதும், அதை எழுப்புவதற்குப் புறத்திலிருந்து வேண்டுவது ஒரு ஸ்பரிசம் மட்டுமே என்பதும் எனக்கு அப்போது ஒருசேர விளங்கின. மைனர் காரில் நேர்முனைதான் உடலோடு இணைந்தது. முனை மாற்றித் தொட்டிருந்தால் அந்த இரும்பு தலைகீழான நினைவைக் கொண்டிருக்கும் என்றும் அவர் எச்சரித்தார். தொடுகிறவன் தகுதியைச் சாஸ்திரங்கள் ஏன் அவ்வளவு வலியுறுத்துகின்றன என்பதற்கு இதைவிட வேறென்ன விளக்கம் வேண்டும்?

ஆனால் என்னை அதிகம் வருத்தியது வேறொரு செய்தி. சார்ஜ் ஏறாவிட்டால் காட்டிக்கொடுப்பதற்காகவே வேகமானியில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. அதன் ஒருபுறம் பேட்டரி, மறுபுறம் டைனமோ. இரண்டின் அழுத்தமும் வேறுபட்டிருக்கும்வரை அது எரியும். இருபுறமும் ஒத்தவுடன் அணைந்துவிடும். நல்வினைப் பயனிலும் தீவினைப் பயனிலும் விருப்பு வெறுப்பின்றி உள்ளம் சமமாகும் நிலையை இருவினையொப்பு என்பர். அந்நிலையில்தான் மலம் பரிபாகமுற்று, அருள் பதிகிறது. என் வண்டியில் அந்த விளக்கு பல வாரங்களாக எரியவில்லை. எல்லாம் ஒத்திருக்கிறது என்றே நான் நிம்மதியாயிருந்தேன். முதியவர் எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பினார். அப்போது அது எரிந்தே தீரவேண்டும். எரியவில்லை. பல்பு செத்திருந்தது.

விளக்கு எரியாமைக்கு இரு காரணங்கள் உண்டு. சமநிலையும் அணைவுதான், மரணமும் அணைவுதான். பிறர் துயரைக் கண்டும் கலங்காதிருப்பதை வைராக்கியம் என்று எண்ணிக்கொண்டு, உண்மையில் இருதயம் பட்டுப்போன நிலையில் எத்தனை ஆண்டுகள் நான் வாழ்ந்திருப்பேன் என்று நினைத்தபோது உடல் நடுங்கியது. முந்தைய மாலை அந்தத் தாயின் சொல்லைக் கேட்டுக்கொண்டு நின்ற நான், அதைத் தத்துவ விசாரத்துக்குரிய ஒரு வாக்கியமாக எடுத்துக்கொண்டேனே தவிர, அவள் மகன் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். டைனமோ செத்த பிறகும் கார் பல மணி நேரம் குறையின்றி ஓடும். பொறிக்கு வேண்டிய மின்சாரத்தைப் பேட்டரியே தந்துகொண்டிருக்கும். பகலில் எவருக்கும் ஐயம் எழாது. இரவு வந்து விளக்கைப் போடும்போதுதான் உண்மை வெளிப்படும். வட சிலாங்கூரின் தோட்டங்களிலிருந்து வெளியேறிய நம் மக்களின் சமய வாழ்வு இன்று இந்நிலையில் இருப்பதாக நான் அஞ்சுகிறேன். 1917-இல் ஹென்றி ஃபோக்கோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்ட தென்னமரம் தோட்டம், ராஜா மூசா, சுங்கை திங்கி என்று எங்கு நோக்கினும், விடியற்காலையில் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நிற்குமுன்பே ஒரு கும்பிடு, அந்தியில் கோயில் மணி, வெள்ளிதோறும் பதிகம் என்று ஒரு சுழற்சி இருந்தது. அந்தச் சுழற்சிதான் டைனமோ. ஐம்பதுகளின் இறுதியில் தோட்டங்களைத் துண்டுதுண்டாக விற்கும் துண்டாடல் தொடங்கி, தொழிலாளர் வாழ்ந்த லயங்களைக் கலைத்தது. 1960-இல் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் சில தோட்டங்களைக் காத்தது. காக்க முடியாதவை பல. சிதறிய குடும்பங்கள் பாட்டன் பாட்டிமார் ஏற்றிவைத்த சார்ஜில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தத் தாயின் மகனுக்கு இருட்டிவிட்டது. அதை நேரத்தின் பிழையென்று சொல்வது எளிது.

டைமிங்கிலும் பிழை இருக்கத்தான் செய்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட்டின் குதி நாள்தோறும் உரசித் தேய்ந்து, இடைவெளி சுருங்கி, பொறி பிந்திப் பிறந்துகொண்டிருந்தது. முதலில் அவர் இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்காக வைத்தார். அதைச் சரிசெய்யாமல் டைமிங்கைத் தொட்டால் இரண்டும் கெடும் என்றார். பின்னர் ஒரு சிறு விளக்கைப் பாயிண்ட்டில் மாட்டி, கைப்பிடியால் எஞ்சினைத் திருப்பி, அடையாளம் பொருந்தும் கணத்தில் விளக்கு எரியுமாறு டிஸ்ட்ரிபியூட்டரை மயிரளவு நகர்த்தி முடுக்கினார்.

பிஸ்டன் உச்சியை அடைந்தபின் பொறி வந்தால் போதாதா என்று கேட்டேன். வண்டியின் முழு ரகசியமும் அங்கேதான் இருக்கிறது. பெட்ரோல் ஆவி பற்றி எரிந்து முடிய, வினாடியின் 500-இல் ஒரு பங்கு போல நேரம் பிடிக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்று சுழலும்போது அந்தச் சிறு பொழுதுக்குள் தண்டு 36 பாகை திரும்பிவிடுகிறது. ஆகவே பிஸ்டன் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே, உச்சியை அடையாத நிலையிலேயே, பொறி வந்துவிட வேண்டும். வேகம் கூடக் கூட, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரு எடைகள் விரிந்து பொறியை மேலும் முந்தச் செய்கின்றன. வேகத்துக்கு மீறி முந்தினால் ஏறும் பிஸ்டனை அது அறைந்து கீழே தள்ளும். பிந்தினால் எரிவது உந்துசக்தியாகாமல் வெறும் வெப்பமாகப் போகும்.

தமிழில் பொறி என்பது தீத்துளிக்கும் பெயர், இயந்திரத்துக்கும் பெயர், கண் முதலிய இந்திரியங்களுக்கும் பெயர், ஊழுக்கும் பெயர். நான்கும் ஒன்றாகக் கூடி நின்ற அந்தப் பட்டறையில் என் வினாவுக்கு எனக்குப் பட்ட விடை இது. அருள் நம் பக்குவத்தின் முடிவுக்காகக் காத்திருப்பதில்லை, முந்திவிடுகிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட அமைச்சரைத் திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் அது மறித்தது. மணக்கோலத்தில் புத்தூரில் அமர்ந்திருந்த சுந்தரரை வழக்குரைத்து இழுத்தது. சமணத்தில் தலைமை பெற்றிருந்த மருணீக்கியாரைச் சூலை நோயாகப் பற்றியது. இவர்களில் ஒருவரும் அந்தக் கணத்தில் உச்சியில் நின்றவரல்லர். ஆனால் ஒவ்வொருவரும் ஏறிக்கொண்டிருந்தவர். பொறி முந்தி வருவதும், உள்ளே எரிய நேரம் பிடிப்பதும், அந்த நேரத்தில் உயிர் தன் உச்சியைக் கடப்பதும் ஒரே நிகழ்ச்சியின் அங்கங்கள். அருள் உயிரில் பதிவதாகிய சத்திநிபாதத்தை மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று நால்வகைப்படுத்திய ஆசாரியர்கள், உயிரின் வேகத்துக்கேற்ப அருள் முந்தும் அளவையே குறித்தார்கள் என்று நான் கருதத் துணிகிறேன்.

உவமை ஒரு புடையே ஒக்கும். இரும்புக்கு அன்பு கிடையாது. பிந்திய பொறியால் பிஸ்டன் அழுவதில்லை. அந்தத் தாய் அழுதாள். ஆகவே இந்த விளக்கத்தைக் கொண்டுபோய் அவள் முன் வைக்க எனக்கு நா எழாது. அவளுக்குச் சொல்லக்கூடியது மற்றொன்று உண்டு. அதை நான் பட்டறையில் கற்கவில்லை, வண்டி நின்ற இரவிலேயே கண்டேன்.

உதவி கிடைக்கும்வரை ஆற்றங்கரைப் பக்கம் நடந்தேன். சிலாங்கூர் ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஆயிரக்கணக்கில் அமர்ந்து, வினாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை, ஒரே கணத்தில் எரிந்து ஒரே கணத்தில் அணைந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கத் தலைவன் எவனும் இல்லை. தனித்து வரும் பூச்சி முதலில் தன் போக்கில் மின்னுகிறது. அயலில் மின்னுவதைக் கண்டு தன் கணத்தைச் சற்று முந்தவோ பிந்தவோ செய்கிறது. விரைவில் மரம் முழுவதும் ஒரே சுடராகிறது. சிவஞான போதம் தன் பன்னிரண்டாம் சூத்திரத்தில், ஞானம் பெற்றவனையும் அடியார் கூட்டத்தோடும் ஆலயத்தோடும் கூடியிருக்கச் சொல்லி முடிவதன் காரணம் எனக்கு அன்றுவரை தெளிவாகப் புலப்பட்டதில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் பத்தாங் பெர்ஜுந்தைக் கோயிலுக்குச் செல்கிறேன். லயத்தில் எஞ்சியிருப்பவை சில குடும்பங்களே. அந்தத் தாய் வருகிறாள். இரண்டு வாரமாக அவள் மகனும் வந்து வாசலில், மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமல், பதிகம் முடியும்வரை நிற்கிறான். அவன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். திரும்பும்போது சாவியைத் திருப்பி, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட்டர் குமிழை இழுக்கிறேன்.