நட்பு, காதல், வாய்மை

நட்பு காதலாகக் கனியும்போது அதனை மறைத்தல் அறமாகுமா என்னும் வினாவை 2016இல் வெளிவந்த ‘தி பாஸ்’ என்னும் பிரித்தானியத் திரைப்படம் எழுப்புகிறது. ஜான் டானலியின் நாடகத்தை அடியொற்றிய இப்படத்தில், ஜேசன், ஏட் என்னும் இளம் கால்பந்தாட்டக்காரர் இருவரிடையே விடுதியறையில் ஒரு முத்தம் நிகழ்கிறது. பின்னர்ப் புகழடையும் ஜேசன், அப்புகழைக் காக்கத் தன் காதலை மறுக்கிறான்.

இதனைக் கோழைமை என ஒதுக்குதல் எளிது. ஆயின், 1990இல் தம் தற்பாலீர்ப்பை வெளிப்படுத்திய கால்பந்தாட்டக்காரர் ஜஸ்டின் ஃபஷானு எதிர்கொண்ட புறக்கணிப்பை எண்ணுகையில், ஜேசனின் அச்சம் பொருளற்றதன்று என்பது புலனாகும். அவ்வச்சம் உலகின்முன் அவன் காக்கும் மௌனத்திற்கு நியாயமாகலாம். நண்பனிடம் கூறும் பொய்க்கு ஆகாது. அப்பொய்யால் காதலோடு, அதற்கு வேராகிய நட்பும் அழிகிறது. எனினும், அச்சத்தை விளைவித்த சமூகமும் இப்பிழையில் பங்குடையதே எனலாம்.