எல்லையில் ஒரு கையொப்பம்

பலாத்காரத்தினாற் பெறப்பட்ட சம்மதம் சம்மதமாகாது என்பது எல்லாருக்கும் தெரிந்த நியாயம். கழுத்திலே கத்தியை வைத்து எழுதுவித்த உறுதியை எந்த நீதிமன்றமும் ஏற்காது. ஆனால் கத்தி இல்லாத இடத்தில், குரல்கூட உயராத இடத்தில், களைப்பும் பயமும் அறியாமையும் மட்டுமே உள்ள ஓர் அறையில் இடப்படும் கையொப்பத்தைப் பற்றி என்ன சொல்வது? ஐக்கிய அமெரிக்காவில் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்கள், ஊருக்கு வந்து சில மாதங்கள் தங்கித் திரும்பிப் போகும்போது அங்குள்ள விமான நிலையங்களிற் படும் பாட்டைக் கேட்கையில் எழும் கேள்வி இது. பிள்ளைகளில் ஒருவராவது கடல் கடந்து வாழாத வீடு நம்மிடையே அரிதாகிவிட்டது. ஆகவே இதைப் பிறநாட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிட இயலாது.

சட்டத்தின் நிலை முதலில் தெளிவாக வேண்டும். மக்கள் 'கிறீன் கார்ட்' என்று சொல்லும் அட்டையிலே பத்து ஆண்டுகள் என்று அச்சிடப்பட்டிருக்கலாம். ஆனால் அட்டை வேறு, உரிமை வேறு. அந்நாட்டைத் தன் இருப்பிடமாகக் கொண்டவர் என்பதே உரிமையின் அடிப்படை. ஓராண்டுக்கு மேல் வெளியே தங்க எண்ணுபவர் புறப்படுமுன் மீள்நுழைவு அனுமதிப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேற்படாது. அதற்குக் குறைவாகத் தங்குவோரிடையே, 'ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்த் தலைகாட்டினாற் போதும்' என்று ஒரு நம்பிக்கை உலாவுகிறது. அது தவறு. நாட்களை எண்ணுவதோடு விடயம் முடிவதில்லை. பயணம் தற்காலிகமானதா, வீடும் தொழிலும் குடும்பமும் எங்கே இருக்கின்றன, வரி எங்கே செலுத்தப்படுகிறது, திரும்பி வரும் எண்ணம் உண்மையில் இருந்ததா என்பவையே ஆராயப்படும். அதாவது, ஒரு மனிதரின் உள்ளத்து எண்ணத்தை, வரிசையாக வருவோரின் கடவுச்சீட்டைப் பார்க்கும் ஓர் உத்தியோகத்தர் சில நிமிடங்களில் மதிப்பிட வேண்டியிருக்கிறது. ஆன்ம குருவானவர்களுக்கே ஆண்டுக்கணக்கில் எடுக்கும் வேலை இது!

குடியுரிமை பெற்ற மகன் விண்ணப்பித்து வதிவிட உரிமை எடுத்துக் கொடுத்த தாயொருத்தியை நினைத்துப் பாருங்கள். கணவரின் வருத்தத்தைப் பார்க்க ஊருக்கு வந்தவர், பத்து மாதங்கள் கழித்துத் தனியே திரும்புகிறார். இரண்டு விமானம் மாறி, ஒரு நாள் முழுவதும் கண்ணயராமல் வந்து இறங்கியவரைப் பக்கத்து அறையில் இருத்திக் கேட்கிறார்கள்: "இவ்வளவு காலம் அங்கே என்ன செய்தீர்? நீர் உண்மையில் எங்கே வாழ்கிறீர்?" அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவர் சொல்கிறார்: "என் வீடு யாழ்ப்பாணத்தில்." பிறந்து வளர்ந்த வீட்டைத்தான் அவர் சொன்னார். கேட்டவரின் காதிலே அது வழக்கை முடிக்கும் வாக்குமூலமாக விழுகிறது. ஐ-407 என்னும் படிவம் நீட்டப்படுகிறது. தன் வதிவிட உரிமையைத் தானே விட்டுவிடுவதாகப் பதிவு செய்யும் படிவம் அது. கையொப்பமிட்டால் சுற்றுலாப் பயணி போல உள்ளே விடலாம் அல்லது அடுத்த விமானத்திற் போகலாம் என்கிறார்கள். வெளியே மகன் காத்திருக்கிறான். அம்மா கையொப்பமிடுகிறார்.

அந்த உத்தியோகத்தர் தாமாக அவருடைய வதிவிட உரிமையைப் பறிக்க முடியாது என்பது அம்மாவுக்குத் தெரியாது. கையொப்பமிட மறுத்தால், குடிவரவு நீதிபதி ஒருவரின் முன் விசாரணைக்கு அவரை அனுப்பவேண்டும். அங்கே, உரிமையை அவர் கைவிட்டார் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு அரசாங்கத்தினுடையது. இந்த இரண்டு வசனங்களை அறிந்திருந்தால் அவர் பேனாவை எடுத்திருப்பாரா?

கடுங்காற்றில் அகப்பட்ட மாலுமி சரக்கைக் கடலில் எறிவதை உதாரணமாக எடுத்து, அது விரும்பிச் செய்ததா, விரும்பாமற் செய்ததா என்று அரிஸ்டோட்டில் ஆராய்ந்தார். கலப்பான செயல் என்றாலும், அந்த வேளையில் அவன் தானே தெரிந்து செய்வதால் விருப்பச் செயலோடு சேர்த்தே எண்ண வேண்டும் என்பது அவருடைய முடிவு. எல்லையில் உள்ள உத்தியோகத்தரும் இதையே தமக்குச் சாதகமாகச் சொல்லலாம்: "நான் அவருடைய கையைப் பிடித்து எழுதவில்லையே, இரண்டு வழி இருந்தது, ஒன்றைத் தெரிந்துகொண்டார்." ஆனால் மாலுமிக்குப் புயல் தெரியும், கப்பலின் நிலையும் தெரியும், எறிந்தால் என்ன, எறியாவிட்டால் என்ன என்பதும் தெரியும். அம்மாவுக்குச் சொல்லப்பட்டவை இரண்டு வழிகள். உண்மையில் இருந்தவை மூன்று. மூன்றாவது வழியை மறைத்துவிட்டு, மிஞ்சிய இரண்டில் ஒன்றைத் தெரிந்தார் என்பதைச் சுயாதீனமான சம்மதம் என்று அழைக்க நம்மால் இயலாது. பயம் சம்மதத்தைப் பலவீனப்படுத்துகிறது; அறியாமையோ அதன் வேரையே அறுத்துவிடுகிறது. அந்த அறியாமையை ஒரே வசனத்தில் நீக்கக்கூடியவர் எதிரிலே இருந்தும் வாய் திறக்காமல் இருந்தால், அந்த மௌனத்துக்கு அவரே பொறுப்பாளி.

உத்தியோகத்தரின் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நீதியாகாது. கேள்வி கேட்பது அவருடைய கடமை. கேட்கப்படுவதே அவமானம் என்று கொதிப்பவர்களோடு நாம் சேரமாட்டோம். நம்மவர் சிலர் அந்த அட்டையை மழைக்கு வைத்திருக்கும் குடை போலப் பாவிக்கிறார்கள். இங்கே வீடு கட்டி, வியாபாரம் நடத்தி, இங்கேயே வாழ்ந்துகொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை அங்கே போய் இரண்டு கிழமை நின்று வருகிறார்கள். கேட்டால் வாய் கூசாமற் பொய் சொல்கிறார்கள். அவர்கள் சொன்ன பொய்யின் விலையைப் பின்னால் வரும் அந்த அம்மா கொடுக்கிறார். ஏமாற்றப்பட்ட உத்தியோகத்தர் எல்லாரையும் சந்தேகிக்கப் பழகுகிறார். ஆயினும் பழக்கம் ஒரு விளக்கமேயன்றி நியாயம் அன்று.

வாசலில் நிற்பவர் வீட்டாரா, வெளியாரா என்ற கேள்வி அந்நாட்டில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. இக்னாட்ஸ் மெசெய் என்னும் தச்சர் நியூயோர்க் மாநிலத்துப் பஃபலோ நகரில் 1923 முதல் இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தவர். 1948இல், றூமேனியாவிலே மரணப் படுக்கையிற் கிடந்த தாயைப் பார்க்கப் புறப்பட்டார். றூமேனியா அவரை உள்ளே விடவில்லை. ஹங்கேரியில் வெளியேறும் அனுமதி கிடைக்காமற் பத்தொன்பது மாதங்கள் கழிந்தன. 1950 பெப்ரவரியில் நியூயோர்க் திரும்பியவர் எலிஸ் தீவில் மறிக்கப்பட்டார். காரணம் இரகசியம், விசாரணையும் இல்லை. பிரான்சுக்கும் பிரித்தானியாவுக்கும் அனுப்பிப் பார்த்தார்கள். இரு நாடுகளும் ஏற்கவில்லை. இலத்தீன் அமெரிக்க நாடுகளும் கையை விரித்தன. 1953 மார்ச்சில் உயர் நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீவு அமெரிக்க மண்தான். ஆனாலும் அவர் இன்னும் எல்லைக்கு வெளியே நிற்பவராகவே கருதப்படுவார் என்பது பெரும்பான்மையோரின் கருத்து. இடையில் ஒரு காலம் பிணையில் வெளியே இருந்தாலும், 1954 ஓகஸ்டில்தான் அவர் முடிவாக விடுவிக்கப்பட்டார். தீர்ப்புக்குப் பின், விடுதலைக்கு முன் நடந்த விசாரணையில், இடதுசாரிச் சங்கமொன்றில் இருந்ததும் பழைய சிறு திருட்டுக் குற்றமொன்றும் வெளிவந்தன. அவர் மாசற்றவர் என்று நாம் வாதாடவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் ஓரிடத்தில் வாழ்ந்தவருக்கு, உம்மேல் இன்ன குற்றம் என்று சொல்லக்கூட ஒரு தேசம் கடமைப்படவில்லையா என்பதே நம்முடைய கேள்வி.

அதற்குப் பிறகு சட்டம் சற்றே மனம் திரும்பியது. குறுகிய பயணம் முடித்துத் திரும்பும் நிரந்தர வதிவாளருக்கு நேர்மையான விசாரணை உரித்து என 1982இல் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 180 நாட்களுக்கு மேற்படாமல் வெளியே இருந்து திரும்புபவரை, சில விலக்குகள் தவிர, புதிதாக நுழைவு கோருபவராகக் கொள்ளலாகாது என 1996ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆயினும் 2017 ஜனவரி 27இல் ஜனாதிபதி பிறப்பித்த ஆணையினால், ஏழு நாடுகளைச் சேர்ந்த வதிவாளர்கள் விமானத்தில் இருக்கும்போதே நிலை மாறி, இறங்கிய இடத்தில் மறிக்கப்பட்டார்கள். அந்த ஆணை நிரந்தர வதிவாளரைக் கட்டுப்படுத்தாது என்ற விளக்கம் பெப்ரவரி 1இல்தான் வந்தது. ஐந்து நாட்கள் அதிகம் இல்லை என்று, அந்த நாட்களில் அறையில் அடைபடாதவர்கள் சொல்லலாம்.

நம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவில் விதி வேறு. ஐந்து ஆண்டுகளில் 730 நாட்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். குறைந்தால் மனிதாபிமானக் காரணங்களையும் ஆராய வேண்டும். நாட்கள் குறைந்தவர் என்று அறிக்கை எழுதப்பட்டாலும், நிரந்தர வதிவாளர் என்று உறுதியானவரை உள்ளே விடவேண்டும். மேன்முறையீடு முடியும்வரை அவருடைய நிலை மாறாது. நாட்களை எண்ணுவது இரக்கமற்ற முறை போலத் தோன்றலாம். ஆனால் மனதை எண்ணுவதைவிட எண்ணை எண்ணுவதில் உத்தியோகத்தரின் மனப்போக்குக்கு இடம் குறைவு.

வழியில் மறித்து, "எங்கே போகிறாய், அங்கே உனக்கு என்ன வேலை?" என்று கேட்கப்படுவது எம் மக்களுக்குப் புதிதன்று. ஓமந்தையில் பொதிகளோடு வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்: கேட்பவரின் முகத்தைப் பார்த்து விடையை மாற்றிக்கொள்ளும் பழக்கம் எப்படி வந்து ஒட்டிக்கொள்கிறது என்று. அந்தப் பழக்கத்தோடுதான் நம் முதியோர் அந்நிய விமான நிலையங்களில் இறங்குகிறார்கள். சீருடையைக் கண்டால் ஆம் என்று தலையசைப்பதே தப்பும் வழி என்று நெடுங்காலம் கற்றவர்கள் அவர்கள். பயணச் சீட்டுக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகள், அதோடு வரிப் பத்திரங்களின் பிரதியையும் தந்தையின் வைத்தியக் கடிதத்தையும் கொடுத்துவிட வேண்டும். வாசித்து விளங்காத எதிலும் கையொப்பமிடாமல், மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், நீதிபதியின் முன் போகவேண்டும் என்று சொல்லலாம் என்பதைப் புறப்படுமுன் தமிழில் இரண்டு தரமாவது சொல்லிக் கொடுக்க வேண்டும்.