யாரைத் தூக்குவது?

2023 செப்டம்பர் 18, திங்கட்கிழமை இரவு. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி சொந்த மைதானத்தில் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸுடன் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு பேஸ்மென்ட்டில், பெரிய டிவிக்கு முன்னால் நாங்கள் ஏழெட்டுப் பேர். ஆட்டத்தின் நடுவே கூட்டம் ஒரே குரலில் கத்த ஆரம்பித்தது: "ஃபயர் கனடா! ஃபயர் கனடா!" நாங்களும் சேர்ந்து கத்தினோம். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அம்மா போன். அங்கே விடிகாலை. "என்னடா இது சத்தம், கனடாவோட எதுவும் சண்டையா?" என்றாள்.

நாடு இல்லை அம்மா, ஆள். மேட் கனடா. ஸ்டீலர்ஸின் ஆஃபென்ஸ் கோஆர்டினேட்டர். அவரை வேலையை விட்டுத் தூக்கு என்பதுதான் கோஷம்.

அமெரிக்கக் கால்பந்து பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பந்து நம்மிடம் இருக்கும்போது இறங்கும் பதினொரு பேர் ஆஃபென்ஸ். எதிரணியிடம் இருக்கும்போது இறங்கும் வேறு பதினொரு பேர் டிஃபென்ஸ். ஒவ்வொரு முறை பந்தை நகர்த்துவதற்கும் முன்பே வகுத்த ஒரு திட்டம் உண்டு, அதற்கு 'ப்ளே' என்று பெயர். எந்த ப்ளே என்பதைக் கோச் தேர்ந்தெடுத்து, குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் சொல்கிறார். நாற்பது விநாடிக் கடிகாரத்தில் பதினைந்து விநாடி மிச்சமிருக்கும்போது அந்த ரேடியோ தானாக அணைந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் களத்தில் நிற்பவர்கள் பாடு.

எனக்கு இந்தப் பதினைந்து விநாடி ரொம்பப் பிடிக்கும். சொன்னவன் பொறுப்பு எங்கே முடிகிறது, செய்தவன் பொறுப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்பதற்கு ஒரு மின்சுவிட்சையே வைத்திருக்கும் துறை வேறு எதுவும் எனக்குத் தெரியாது. அப்படி இருந்தும் யார் தப்பு என்று எங்களால் முடிவுக்கு வர முடிந்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று ஸ்டீலர்ஸ் ஜெயித்தது, 26-22. அதில் இரண்டு டச்டவுன் டிஃபென்ஸ் போட்டது. ஜெயிக்கிற ஆட்டத்தில்தான் ஒரு மனிதரின் வேலையைப் பிடுங்கச் சொல்லி நகரமே கத்தியது. அந்தப் பருவம் முழுக்க அப்படித்தான் போனது. முதல் ஒன்பது ஆட்டங்களிலும் எதிரணியைவிடக் குறைந்த யார்டுகளே எடுத்தார்கள், ஆனாலும் ஆறில் வெற்றி. டிஃபென்ஸ் தாங்கிப் பிடித்தது, கடைசி நிமிடத்தில் எப்படியோ ஒப்பேற்றினார்கள். ஆஃபென்ஸ் ஏன் ஓடவில்லை என்ற கேள்வி ஒவ்வொரு ஞாயிறும் அந்த பேஸ்மென்ட்டில் விடியவிடியப் பேசப்பட்டது.

வீட்டுக்காரர் எஃகு ஆலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் முன்வரிசை ஐந்து பேர்தான். "ஜாயின்ட் சரியில்லன்னா மேல என்ன கட்டினாலும் விழும்" என்பார். மதுரைக்கார நண்பர் ஒருவர், டேட்டா வேலை பார்ப்பவர், போனில் பட்டியல்களைத் திறந்து வைத்துக்கொண்டு, "அண்ணே, மைதானத்தோட நடுப்பகுதிக்கு இவங்க பந்தே எறியறதில்ல, பாருங்க. எல்லாம் ஓரத்துலயே. வரைஞ்சு குடுத்தவன் தப்பு" என்பார். பள்ளி அணியில் ஆடும் என் மகனுக்கு குவார்ட்டர்பேக் கென்னி பிக்கெட்மேல்தான் கோபம். "யாரும் கிட்டகூட வரல, அதுக்குள்ள பயந்து ஓடறான்ப்பா." வீட்டுக்காரரின் மனைவி மட்டும், பதினெட்டு வருடம் ஆடிய ராத்லிஸ்பெர்கர் 2022 ஜனவரியில் ஓய்வு பெற்றதை நினைவுபடுத்தி, பெரியவர் போன வீடு கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்றார். அவரவர் பிழைப்பு எதுவோ, அவரவர் பார்த்த வியாதி அது.

இத்தனைக்குப் பிறகும் கோஷம் ஒன்றாகத்தான் இருந்தது. வெல்டரும் கத்தினார், மகனும் கத்தினான். அவர்கள் சொன்ன காரணங்களுக்கும் கோஷத்துக்கும் சம்பந்தமே இல்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

நவம்பர் 19 அன்று கிளீவ்லாண்டில் 13-10 என்று தோற்றார்கள். பிக்கெட் எறிந்தது மொத்தமே 106 யார்டு. இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, கனடாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். அடுத்த ஞாயிறு சின்சினாட்டியில் 421 யார்டு! வழக்கமான பருவ ஆட்டங்களில் 58 ஆட்டங்களாக 400-ஐத் தொடாத அணி. டைட் எண்டு ஃப்ரையர்மத், மைதானத்தின் நடுவில், ஒன்பது பந்து பிடித்து 120 யார்டு எடுத்தார். மதுரைக்காரர் எழுந்து ஆடாத குறைதான். "பாத்தீங்களா அண்ணே? ஆளை எடுத்தோம், ஓடிருச்சு. இதைவிட என்ன நிரூபணம் வேணும்?"

நானும் நம்பினேன். பிறகு ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அந்த 58 ஆட்டங்களில் 14, கனடா கோஆர்டினேட்டர் ஆவதற்கு முன்னால், 2020-ல் ஆடியவை. அப்போது அவர் குவார்ட்டர்பேக்குகளின் பயிற்சியாளர், அவ்வளவுதான். மொத்த 58-ஐயும் அவர் கழுத்தில் மாட்டிவிட்டோம். அந்த 421 யார்டுக்குக் கிடைத்த புள்ளிகள்? 16. ஒரே ஒரு டச்டவுன். வென்றது 16-10 என்று, அதுவும் முதல் தர குவார்ட்டர்பேக் காயத்தால் விலகியிருந்த அணியிடம்.

அடுத்த இரண்டு வாரம் இன்னும் வேடிக்கை. பத்துத் தோல்வி, இரண்டே வெற்றி என்று வந்த அரிசோனா பிட்ஸ்பர்கில் வைத்து 24-10 என்று அடித்தது. அன்று பிக்கெட்டுக்குக் கணுக்காலில் காயம். நான்கு நாள் கழித்து, அதே இரண்டு வெற்றி பத்துத் தோல்வியோடு வந்த நியூ இங்கிலாந்து 21-18 என்று ஜெயித்துப் போனது. மழை விட்டும் தூவானம் விடவில்லை. பிறகு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த மேசன் ருடால்ஃப் குவார்ட்டர்பேக்காக இறங்கினார். 34 புள்ளி, 30 புள்ளி, பிறகு 17, மூன்றும் வெற்றி. உடனே பேஸ்மென்ட்டில் எல்லோருக்கும் ஞானம் பிறந்தது: கோச் இல்லை, குவார்ட்டர்பேக்தான் காரணம்! என் மகன் ஒரு வாரம் யாரையும் மதிக்கவில்லை.

எச்.எல்.ஏ. ஹார்ட், டோனி ஹானரே இருவரும் 1959-ல் சட்டத்தில் காரண-காரியம் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார்கள். அவர்கள் கேட்பது எளிமையான கேள்வி. ஒரு கட்டடம் தீப்பிடித்தால், காற்றில் ஆக்சிஜன் இருந்ததுதான் காரணம் என்று யாரும் சொல்வதில்லை. ஆக்சிஜன் இல்லாமல் தீ இல்லை என்றாலும்! யாரோ போட்ட சிகரெட் துண்டைத்தான் சொல்கிறோம். ஒரு நிகழ்வுக்குத் தேவையான ஆயிரம் நிலைமைகளில், வழக்கத்துக்கு மாறான ஒன்றையோ ஒரு மனிதர் வேண்டுமென்றே செய்த ஒன்றையோ பொறுக்கியெடுத்து அதற்கே 'காரணம்' என்று பெயர் வைக்கிறோம். பெரும்பாலும் அது நியாயமான பொறுக்கல்தான் என்பது அவர்கள் கட்சி.

பேஸ்மென்ட்டில் நான் பார்த்த பொறுக்கல் வேறு மாதிரி. கனடாவின் ப்ளேக்கள் வழக்கத்துக்கு மாறானவை என்பதால் நாங்கள் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. சலிப்பூட்டும் அளவுக்கு வழக்கமானவை என்பதுதானே குற்றச்சாட்டே. அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அவரை எடுத்துவிட முடியும் என்பது. முன்வரிசை ஐந்து பேரையும் நடுப் பருவத்தில் மாற்ற முடியாது. முதல் சுற்றில் எடுத்த குவார்ட்டர்பேக்கை, அதுவும் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துப் பிள்ளையை, ஒன்றரை வருடத்தில் கைவிட மனசு வராது. அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் டாம்லின் 2007-லிருந்து அதுவரை ஒரு பருவம்கூட வெற்றியைவிடத் தோல்வி அதிகம் என்று முடித்திருக்கவில்லை, அவரை யார் தொடுவது? கையில் இருக்கும் ஸ்பானருக்கு எந்த நட்டு பொருந்துகிறதோ அதுதான் கோளாறு என்று முடிவு கட்டினோம். 'ஏன் ஓடவில்லை' என்று ஆரம்பித்த கேள்வி, பாதி வழியில் 'யாரைத் தூக்குவது' என்று மாறிவிட்டது. மாறியதை யாரும் கவனிக்கவில்லை.

கனடா அப்பாவி என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று பருவமாக அந்த ஆஃபென்ஸ் பார்க்கச் சகிக்கவில்லை. நடுப்பகுதிக்குப் பந்து போகவில்லை என்பது உண்மை, போனபோது பலித்தது என்பதும் உண்மை. இதே மனிதர் 2016-ல் இதே ஊர்ப் பல்கலைக்கழக அணிக்கு ஆஃபென்ஸ் வகுத்துக் கொடுத்தவர். அந்த வருடம் தேசியப் பட்டம் வென்ற கிளெம்சனை அந்த அணி 43-42 என்று வீழ்த்தியபோது இதே ஊர்தான் அவர் மூளையை மெச்சியது. எந்தக் கனடா நிஜம் என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை.

"அவருக்கு அதுக்குத்தானே சம்பளம்?" என்றார் மதுரைக்காரர், இதையெல்லாம் சொன்னபோது. "நம்ம கத்தறதைக் கேக்கறதுக்கும் சேத்துத்தான் குடுக்கறாங்க. பாவ புண்ணியம் பாக்க இது என்ன ரேஷன் கடை வரிசையா?" இது லேசில் தள்ள முடியாத வாதம். கனடா தெருவுக்கு வந்துவிடவில்லை. மைதானத்தில் பல்லாயிரம் பேர் கத்துவது அந்தத் தொழிலின் வானிலை, குடை பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். அவருக்கு நேர்ந்தது பெரிய அநியாயம் என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.

என் சங்கடம் அவரைப் பற்றியதே அல்ல. பழியை ஒருவர் தலையில் ஏற்றும்போது, அதே அசைவில் அது வேறு பலர் தலையிலிருந்து இறங்குகிறது. ஏற்றப்பட்டவருக்கு நஷ்டஈடு கிடைத்துவிடலாம். இறக்கிக்கொண்டவர்கள்? அந்தப் பருவத்தில் பன்னிரண்டு ஆட்டங்களில் ஆறே டச்டவுன் பாஸ் எறிந்த குவார்ட்டர்பேக், அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள், மூன்று வருடம் கனடாவை வைத்திருந்தவர்கள், எல்லோருமே அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கொஞ்சம் லேசானார்கள். பைபிளில் லேவியராகமத்தில் ஒரு சடங்கு வருகிறது. ஆசாரியன் ஒரு வெள்ளாட்டின் தலையில் கைகளை வைத்து, ஜனங்களின் பாவங்களையெல்லாம் வாய்விட்டு அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்கு அனுப்புகிறான். அங்கே தப்பு செய்தது ஆடு என்று யாரும் நினைக்கவில்லை. அனுப்புவதற்கு முன் ஜனங்களின் பாவத்தைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் சொல்வதைச் சொல்லாமல் ஆட்டை மட்டும் ஓட்டினோம்.

இதை இவ்வளவு தூரம் யோசிக்க எனக்கு வேறொரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த இடத்தில் ஒரு ப்ராஜெக்ட் இழுத்துக்கொண்டே போனது. மேலிடத்திலிருந்து வந்தவர் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு, "என்ன பிரச்சனை?" என்று கேட்டார். நான் எங்கள் டீம் லீடைப் பற்றிச் சொன்னேன். முடிவெடுக்கத் தயங்குவார், மெயிலுக்குப் பதில் போடமாட்டார், ஒரே விஷயத்துக்கு மூன்று மீட்டிங் வைப்பார். ஒரு வார்த்தை பொய் இல்லை. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். என் பகுதி இரண்டு வாரம் தாமதமானதை மட்டும் சொல்லவில்லை. அவர் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

அடுத்த மாதம் டீம் லீடை அனுப்பிவிட்டார்கள். ப்ராஜெக்ட் சடசடவென்று நகர்ந்தது. அதே சமயத்தில் கிளையன்ட் கேட்டிருந்தவற்றில் பாதியை வேண்டாம் என்று விட்டிருந்தார். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. "பாத்தியா, ஆளை மாத்தினதும் எப்படி ஓடுது" என்றார்கள். நானும் தலையாட்டினேன். எங்களுக்கும் ஒரு 421 யார்டு.

2024-ல் ஸ்டீலர்ஸுக்குப் புதுக் கோஆர்டினேட்டர், ஆர்தர் ஸ்மித். பிக்கெட்டை ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். குவார்ட்டர்பேக்குகள் ரசல் வில்சன், ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் என்று இரண்டு பேர், இரண்டு பேரும் புதுசு. கனடாவின் கடைசி வருடம் போலவே பத்து வெற்றி, ஏழு தோல்வி. ப்ளேஆஃபையும் சேர்த்துக் கடைசி ஐந்து ஆட்டங்களும் தோல்வி, ஒன்றில்கூட 17 புள்ளியைத் தாண்டவில்லை. "இந்த ஸ்மித்..." என்று ஆரம்பித்தார் மதுரைக்காரர். வெல்டர் ஐந்து விரலை விரித்துக் காட்டினார், முன்வரிசை.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோவிலுக்குப் போயிருந்தேன். கீழே சாப்பாட்டு வரிசையில், புளியோதரைத் தட்டோடு எனக்கு முன்னால் பழைய டீம் லீட் நின்றிருந்தார். கொஞ்சம் நரைத்திருந்தார். வேறு ஊரில் வேலையாம், சௌக்கியமாம். குழந்தைகளைப் பற்றிப் பேசினோம். ஸ்டீலர்ஸைத் திட்டினோம், அதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. பிறகு ஊறுகாயைத் தட்டில் போட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "அந்த ப்ராஜெக்ட்ல கடைசியா என்னதான் பிரச்சனைன்னு கண்டுபிடிச்சீங்க? எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலை."

பின்னால் வரிசை நின்றது. "அது பல காரணம் சார்" என்றேன்.