எத்தனையாவது பாடம்?

கிடார் வாங்கி ஒன்றரை வருஷம் ஆனபோது எனக்கு நாலு பாட்டின் முதல் பத்து நொடி வாசிக்க வந்தது. ஐந்தாவதாக 'இளைய நிலா'வில் கை வைத்திருந்தேன். 1982இல் வந்த பாட்டு. என் வயதுக்காரர்கள் கிடார் வாங்குவதே அதற்காகத்தான். ஊரிலிருந்து வந்திருந்த அக்கா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "டேய், இது எத்தனையாவது பாடம்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

அக்கா சின்ன வயதில் வீணை கற்றவள். மாதக்கணக்கில் சரளி வரிசைதான். அதே ஏழு ஸ்வரம், மூன்று காலம், பக்கத்து அறையில் காதைப் பொத்திக்கொண்டு நான். பிறகு ஜண்டை, அப்புறம் அலங்காரம், கீதம். பதினாறாம் நூற்றாண்டில் புரந்தரதாசர் போட்டுக் கொடுத்த வரிசை என்பார்கள். மாயாமாளவகௌளையில் ஆரம்பிக்கச் சொன்னதும் அவர்தானாம். ஏன் அந்த ராகம் என்று எட்டு வயது அக்கா கேட்கவில்லை. அடுத்து என்ன என்கிற கவலையே அவளுக்கு இல்லை. அதை வேறு யாரோ பட்டுவிட்டிருந்தார்கள்.

எனக்கு அந்தக் கவலை மட்டும்தான் இருந்தது. ராத்திரி கிடைக்கும் அரை மணியில் இருபது நிமிஷம் எந்த வீடியோ பார்ப்பது என்பதிலேயே போகும். நடுவில் ஒரு வாத்தியாரிடமும் போனேன். கேட்ட பாட்டையெல்லாம் சொல்லிக்கொடுத்தார். கேட்டவன் நான்தான், அதனால் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடுத் தேர்வு எழுதலாமா என்றும் யோசித்தேன். எட்டுப் படி, படிக்கு மூன்று உருப்படி, கூடவே ஸ்கேல். தேர்வுக்குக் காத்திருக்கும் இடத்தில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார வெட்கமாக இருந்தது. இப்போது யோசித்தால் என் சிக்கலே அந்த வெட்கம்தான் என்று தோன்றுகிறது. வழி தெரியாமல் நான் அலையவில்லை. எந்த வழியானாலும் அதன் அடிப்படியில் உட்கார மனசில்லாமல் அலைந்தேன்.

கடைசியில் ஆரம்பப் பாடப் புத்தகம் ஒன்றை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். முதல் பாடம் ஏ, டி என்று இரண்டே கார்டு. இரண்டும் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஏ கார்டுக்கு மூன்று விரலை நான் வரிசையாக அடுக்குவேன். டிக்குப் போகும்போது மூன்றையும் தூக்கி, தேடி, வைப்பேன். அதற்குள் தாளம் தெருமுனையைத் தாண்டியிருக்கும். புத்தகமோ, நாலாவது கம்பியில் நடுவிரல், மூன்றாவதில் சுட்டுவிரல், இரண்டாவதில் மோதிர விரல் என்றது. விரல்கள் இடித்துக்கொண்டன, கோணலாகத் தெரிந்தது. ஆனால் டிக்கு மாறும்போது சுட்டுவிரல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மோதிர விரல் அதே கம்பியில் ஒரு ஃபிரெட் நகர்ந்தால் போதும். நடுவிரல் மட்டும் தாவ வேண்டும். ஏ கார்டை எழுதும்போதே அடுத்து வரும் டியை யோசித்திருக்கிறார்கள். நான் பார்த்த வீடியோக்கள் கார்டைக் காட்டின. எந்தக் கார்டுக்குப் பின் எது என்பதில்தான் விஷயமே இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

பயிற்சி இதுதான்: ஒரு நிமிஷம் அலாரம் வைத்து, எத்தனை முறை மாற்றுகிறோம் என்று எண்ண வேண்டும். நிமிஷத்துக்கு அறுபது வந்தால் தேறியதாக அர்த்தம். முதல் நாள் பதினொன்று. பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்தேன். மறுநாள் பதினாலு. ஒரு வாரம் கழித்து திடீரென்று ஒன்பதுக்கு இறங்கியது. விரல் நுனி எரிந்துகொண்டிருந்தது. அதையும் எழுதினேன்.

சுட்டுவிரலைப் படுக்கவைத்து ஆறு கம்பியையும் அழுத்த வேண்டிய எஃப் கார்டு இன்னும் பல பாடம் தள்ளி இருக்கிறது. முன்பு அதனிடம் இரண்டு மாதம் தோற்றிருக்கிறேன். அந்தப் பக்கத்தை இதுவரை புரட்டவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். "எத்தனையாவது பாடம்?"

"ரெண்டு."

"மூணு மாசமாவா?"

"ஆமா."

"சரி," என்று சொல்லிவிட்டு மாவு அரைக்கப் போய்விட்டாள்.