வருகை சமீபம்: தென்னங்கன்று வைக்கலாமா?



கர்த்தர் சீக்கிரம் வருகிறார். இதை நாம் ஞாயிறு ஆராதனையில் சொல்லுகிறோம், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சொல்லுகிறோம், கல்லறைத் தோட்டத்தில் நின்று கண்ணீரோடும் சொல்லுகிறோம். கடிதம் எழுதினால் கடைசியில் மாரநாதா என்று எழுதுகிறோம். இது நம்முடைய பாக்கியமான நம்பிக்கை. இதை விட்டுவிட்டால் நம்மிடத்தில் பாட்டும் கைத்தட்டலும்தான் மிஞ்சும்.

ஆனால் இந்த நம்பிக்கையைப்பற்றி ஒரு சகோதரன் என்னிடத்தில் கேட்ட கேள்வியை இந்த மாதம் உங்கள் முன்பாக வைக்கிறேன். "பாஸ்டரய்யா, நாட்டுத்தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். ஆண்டவர் சீக்கிரம் வர்றாருன்னு நீங்க வாரா வாரம் சொல்றீங்க. அப்படின்னா நான் இப்ப கன்னு வைக்கிறது விசுவாசமா, அவிசுவாசமா?"

அவர் விளையாட்டாய்க் கேட்கவில்லை. 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி, நம்முடைய புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளும் புகுந்தது. ஆலங்குடி, அறந்தாங்கி, கீரமங்கலம், வடகாடு பக்கத்து ஜனங்களுக்கு அந்த நாள் மறக்காது. அப்பன் வைத்து மகன் தண்ணீர் ஊற்றி வளர்த்த தென்னைகளும், பலா மரங்களும், வாழைகளும் தரையோடு தரையாய்க் கிடந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்காய்க் கரண்ட் இல்லை. அந்தத் தோப்புகளில் ஒன்றில், சாய்ந்து கிடந்த மரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டுதான் அந்தச் சகோதரன் கேட்டார்.

பிரியமானவர்களே, இந்தக் கேள்விக்குத் தப்பான பதில்கள் இரண்டு உண்டு. இரண்டையும் பார்ப்போம்.

முதல் தப்பான பதில்: "வருகைதான் சமீபமாச்சே, வேலை எதுக்கு?" தெசலோனிக்கேயா சபையில் இந்தத் தொல்லை இருந்தது. கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்று சிலர் கலக்கம் உண்டாக்கினார்கள். சிலர் வேலை செய்யாமல் மற்றவர் காரியங்களில் தலையிட்டுக்கொண்டு திரிந்தார்கள். அவரவர் அமைதலோடே வேலை செய்து தங்கள் சொந்த ஆகாரத்தைச் சாப்பிட வேண்டும் என்று அப்போஸ்தலன் கண்டிப்பாய் எழுதினார் (2 தெசலோனிக்கேயர் 3-ஆம் அதிகாரம்). எழுதியவர் யார்? கர்த்தருடைய வருகையை ராவும் பகலும் எதிர்பார்த்த பவுல். அவரே கூடாரம் பண்ணுகிற தொழிலாளி. எக்காளம் தொனிக்கப்போகிறது, ஒரு தையல் விட்டுப்போனால் என்ன என்று அவர் நினைத்திருப்பாரா? நினைத்திருந்தால் அந்தக் கூடாரத்தை வாங்கினவன் மழையில் நனைந்திருப்பான், அப்போஸ்தலனுடைய சாட்சியும் நனைந்திருக்கும்.

நம்முடைய நாட்டிலும் இது நடந்தது. 1860-ல் கிறிஸ்தியான்பேட்டையில் அருளப்பன் என்ற தமிழ் ஊழியர் நாட்களில் தேவன் ஓர் எழுப்புதலைத் தந்தார். ஜனங்கள் பாவங்களை அறிக்கையிட்டு அழுதார்கள். பின்பு அந்த அனல் திருவிதாங்கூருக்கும் பரவியது. அங்கே ஜஸ்டஸ் ஜோசப் என்ற போதகர் இருந்தார். தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து ஆண்டவரிடத்தில் வந்தவர். வித்வான் குட்டி என்று அவரை அழைப்பார்கள். ஐந்தரை வருஷத்தில் ஆண்டவர் வருவார் என்று அவர் 1875-ல் அறிவித்தார். 1881 வந்தது, போனது. அவருடைய கூட்டத்தாருக்கு "அஞ்சரை வேதக்காரர்" என்று ஊரார் வைத்த பேர்தான் மிச்சம். அவர் எழுதிய கீர்த்தனைகளை மலையாள சபைகள் இன்றும் பாடுகின்றன. மணவாளன்மேல் வைத்த அந்த ஏக்கம் மெய்யானது. நாள் குறித்ததுதான் வேதத்துக்கு விரோதம். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரே அறிவார் என்று ஆண்டவர் தெளிவாய்ச் சொல்லியிருக்கிறாரே (மத்தேயு 24:36).

கொரியா தேசத்தில் நடந்ததோ அதைவிடக் கசப்பு. 1992 அக்டோபர் 28 நள்ளிரவில் சபை எடுத்துக்கொள்ளப்படும் என்று லீ ஜாங் ரிம் என்பவர் பிரசங்கித்தார். அநேகர் வேலையை விட்டார்கள், வீடு வாசலை விற்றார்கள். ஆனால் அந்தப் பிரசங்கியார் வாங்கி வைத்திருந்த கடன் பத்திரங்கள் 1993 மே மாதத்தில்தான் முதிர்வடைபவை! ஊராருக்கு அக்டோபரில் உலகம் முடிகிறது, அவருக்கு மட்டும் அடுத்த மே மாதம் பணம் வருகிறது. அதே வருஷம் டிசம்பரில் மோசடிக் குற்றத்துக்காக நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை கொடுத்தது.

இதைப் படித்துவிட்டு, "நல்லவேளை, நாங்க அப்படி இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். நாம் சொல்லுகிற தப்பான பதில் இரண்டாவது. "வருகையை விசுவாசிக்கிறேன், ஆனா அது ஞாயித்துக்கிழமைக்கு. திங்கக்கிழமைக்கு ஊரோட ஒத்துப் போகணும்." வாயினால் மாரநாதா, கையினால் கள்ளத் தராசு. வேலையை விட்டவன், ஆண்டவர் வருகிறபடியால் இன்றைய வேலைக்கு மதிப்பில்லை என்கிறான். வேலையில் பொய் கலக்கிறவன், ஆண்டவர் இன்றைய வேலையைக் கேட்கப்போவதில்லை என்கிறான். இருவரும் ஒன்றுதான். இந்த நாள் ஆண்டவருக்கு முன்பாகக் கனமில்லாதது என்று இருவரும் நினைக்கிறார்கள்.

புயலுக்குப் பிறகு சாய்ந்த தென்னை ஒவ்வொன்றுக்கும் அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. மரத்துக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய். எனக்குத் தெரிந்த ஒரு விதவைத் தாயாருக்கு 32 மரங்கள் சாய்ந்தன. "அம்பதுன்னு சொல்லிருக்கா. மரத்தையெல்லாம் இழுத்துப் போட்ட பிறகு யாரு எண்ணப் போறா?" என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னார். பதினெட்டு மரம் கூட்டிச் சொன்னால் 19,800 ரூபாய் கூட வரும். வீட்டு ஓடு பறந்துபோய், பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணம் பாக்கியாய் இருக்கிற ஒரு தாயாருக்கு அது எவ்வளவு பெரிய தொகை! அவர்கள் முப்பத்திரண்டு என்றே சொன்னார்கள்.

கடைசியில் இரட்டிப்பான ஆசீர்வாதம் வந்தது என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறீர்கள். அப்படி ஒன்றும் வரவில்லை. அடுத்த கோடை வரைக்கும் அந்த வீட்டுக்குமேல் தார்ப்பாய்தான் கிடந்தது. "ஏம்மா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "நான் சொல்ற கணக்கைத்தானே அவரு வந்ததும் அவருகிட்டயும் சொல்லணும் பாஸ்டர்? ரெண்டு கணக்கு வச்சுக்க எனக்குத் தெரியாது" என்றார்கள். வேதாகமக் கல்லூரியில் கடைசிக்கால சம்பவங்களைப்பற்றி ஒரு பாடமே படித்தோம். இந்தத் தாயார் சொன்னதைவிடச் சுருக்கமாய் அங்கே ஒருவரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

சரி, பயத்தினால் பரிசுத்தமாய் இருப்பதும் நம்பிக்கையினால் பரிசுத்தமாய் இருப்பதும் ஒன்றா? இல்லை. வாத்தியார் செருப்புச் சத்தம் கேட்டால் வகுப்பு அமைதியாகிறது. சத்தம் தாண்டிப் போனதும் மறுபடியும் கூச்சல். கைவிடப்பட்டுப் போவோமோ என்று மாத்திரம் பயந்து பரிசுத்தமாகிறவன் அப்படித்தான். கன்வென்ஷன் முடிந்து பந்தல் பிரிக்கிற வரைக்கும் தாங்குவான்.

நம்முடைய பகுதியில் எத்தனையோ வீடுகளில் புருஷன் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வேலை செய்கிறார். "வர்றேன்" என்று போனில் சொல்லியிருக்கிறார், தேதி சொல்லவில்லை. நல்ல மனைவி என்ன செய்கிறாள்? பஸ் ஸ்டாண்டிலேயே போய் உட்கார்ந்துகொள்வதில்லை. அவர்தான் ஊரில் இல்லையே என்று இஷ்டத்துக்கு நடப்பதும் இல்லை. அனுப்பின பணத்துக்குக் கணக்கு வைக்கிறாள், வட்டிக் கடனை அடைக்கிறாள், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். அவர் திடீரென்று வந்து நின்றாலும் அவளுக்கு மறைக்க ஒன்றும் இல்லை. இது பயம் அல்ல, அன்பு. அவர்மேல் இந்த நம்பிக்கை வைத்திருக்கிறவன் தன்னைச் சுத்திகரித்துக்கொள்ளுகிறான் என்று யோவான் எழுதினதும் இதைத்தான் (1 யோவான் 3:3).

இனி அந்தச் சகோதரனுடைய கேள்விக்கு வருவோம். எரேமியா 32-ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றி முற்றிக்கை போட்டிருக்கிறது. எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். பட்டணம் பிடிபடும் என்று தீர்க்கதரிசனம் சொன்னவரே அவர்தான். அந்த நேரத்தில் ஆனதோத்தில் இருக்கிற நிலத்தை வாங்கச் சொல்லுகிறார் கர்த்தர். பதினேழு சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்குகிறார். பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சி வைத்து, அநேக நாள் இருக்கும்படிக்கு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லிப் பாருக்கிடம் கொடுக்கிறார். சிறையிருப்பு எழுபது வருஷம் என்பது அவருக்குத் தெரியும். அந்த நிலத்தின் விளைச்சலைத் தான் சாப்பிடப் போவதில்லை என்பதும் தெரியும். ஆனாலும் வாங்கினார். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். "ஊரே போகப்போகுது, எடை எதுக்கு?" என்று சொல்லவில்லை. விழப்போகிற பட்டணத்திலும் சரியான எடை! நம்பிக்கையும் நேர்மையும் ஒரே தராசில் நிற்கிறதைப் பார்க்கிறீர்களா?

"பாஸ்டர், பூமியும் அதிலுள்ள கிரியைகளும் எரிந்துபோகும் என்று பேதுரு எழுதியிருக்கிறாரே, அப்புறம் தென்னை என்னத்துக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதே பேதுரு அடுத்த வரியில் கேட்கிறதும் ஒரு கேள்விதான்: அப்படியானால் நீங்கள் எப்படிப்பட்டவர்களாய் நடக்க வேண்டும்? மரம் நிற்கும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்கமாட்டேன். நாற்பது வருஷத்து மரம் ஒரே ராத்திரியில் சாய்ந்ததை நாமே பார்த்தோம். ஆனால் அந்த நாற்பது வருஷமும் அந்த மரம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது, கல்யாணம் நடத்தியது, காணிக்கைப் பையிலும் விழுந்தது. அது வீணா? உயிர்த்தெழுதலைப்பற்றி நீளமாய் எழுதின பவுல், அந்த அதிகாரத்தை முடிக்கும்போது, கர்த்தருக்குள் நாம் படுகிற பிரயாசம் வீணல்ல என்று முடிக்கிறார் (1 கொரிந்தியர் 15:58). மரம் போகலாம். அதை யாருக்காக, எந்த மனதோடு வைத்தாய் என்பது போகாது. அது ஆண்டவருடைய கையில் இருக்கிறது.

ஆகவே அந்தச் சகோதரனிடம், "கன்று வையுங்கள், ஆனால் ஜெபித்து வையுங்கள்" என்றேன். மூன்றடிக் குழி எடுத்து, இருபத்தைந்தடி இடைவெளி விட்டு வைத்தார். கன்று பெரிசாகும்வரை ஊடே கடலையும் உளுந்தும் போட்டார். ஆண்டவர் அதற்குள் வந்தால் கையில் மண்வெட்டியோடு எடுத்துக்கொள்ளப்படட்டும். உண்மையுள்ள ஊழியக்காரன் எஜமான் வரும்போது வேலையில் இருப்பவனாய்க் காணப்படுவான் என்றுதானே லூக்கா 12-ல் வாசிக்கிறோம்? வயலில் இருக்கிற இருவரில் ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான் என்று ஆண்டவர் சொன்னபோதும், அவன் வயலில்தான் இருந்தான்.

தேவபிள்ளையே, உன் காரியம் என்ன? கமிஷன் கடைக்குப் பூ கொண்டுபோகிற சகோதரியே, எடைக்காகத் தண்ணீர் தெளித்துக் கனமாக்குகிறாயா? குழுப் பணத்துக்குக் கணக்கு எழுதுகிற சகோதரியே, உன் நோட்டை ஆண்டவர் வாங்கிப் பார்க்கலாமா? கொத்தனார் வேலை செய்கிற தம்பி, பூச்சுக்குள் மறைந்துபோகிற கலவையில் சிமெண்ட் சரியாய் இருக்கிறதா? கடன் வாங்கின அண்ணே, கொடுத்தவர் தெருவில் வரும்போது சந்துக்குள் திரும்பாமல் நேரே நடக்க முடிகிறதா? சபையில் அந்நியபாஷையில் துதிக்கிற நாவு, வீட்டில் மனைவியிடத்தில் எந்தப் பாஷை பேசுகிறது? வருகைக்கு ஆயத்தம் என்பது இதுதான். வெள்ளை வஸ்திரம் அன்றைக்குத் திடீரென்று தைக்கப்படுவதில்லை. அது தினந்தோறும் துவைத்து வைக்கப்படுகிறது.

இந்த வாரத்தில் ஒரே ஒரு காரியத்தைச் சரிசெய்யுங்கள். குறைந்த எடையை நிறைவாக்குங்கள், அல்லது பேசாமல் இருக்கிற சகோதரனுடைய வீட்டுக்குப் போங்கள். காய்க்க வருஷங்கள் ஆகும் என்று தள்ளிப்போட்ட ஒரு நல்ல காரியம் இருந்தால், அதற்கு இன்றைக்கே குழி எடுங்கள்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, உம்முடைய குமாரன் வருகிறார் என்ற நம்பிக்கைக்காக ஸ்தோத்திரம். அந்த நம்பிக்கை எங்கள் உதட்டில் மட்டும் அல்ல, எங்கள் தராசிலும், கணக்கிலும், வீட்டிலும், தோட்டத்திலும் காணப்படக் கிருபை தாரும். எங்களுக்கு ஒரே கணக்குப் போதும், ஆண்டவரே. இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென். மாரநாதா!